பத்துக்குப் பன்னிரண்டு அடி மண்ணில் விதையா, நாற்றா?

சித்தி மகன் போன மாதம் சூலூரிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்தான். வெலிங்டன் பக்கம் வாடகை வீடு. வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி மண் சும்மா கிடக்கிறது. என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். வந்த வாரமே போன் செய்தான்.

"அக்கா, விதை வாங்கட்டுமா, நாத்து வாங்கட்டுமா? கடைல ரெண்டும் இருக்கு."

"என்ன காய் போடப்போற?"

"கேரட், கோஸ், பீன்ஸ், தக்காளி, எல்லாந்தான்."

போனில் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடையிலோ அன்றைக்கு எது மிச்சம் இருக்கிறதோ அது கைக்கு வந்துவிடுகிறது. கோத்தகிரியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒன்றரை சென்ட் இருக்கிறது. பதினான்கு வருடமாக அதில் காய் போடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேரை அசைத்தால் கெட்டுப்போகிற காய்க்கு நேரடி விதை. கோஸ் குடும்பத்துக்கு வீட்டிலேயே விட்ட நாற்று. சூடு கேட்கிற காய்க்கு மட்டும் கடை நாற்று. இப்படிப் பிரித்துக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. அதற்குள் செய்த ஒரு தப்பு இன்னும் என் மண்ணில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சூலூரில் மாடியில் தக்காளியும் வெண்டையும் வளர்த்தவன் அவன். விதை போட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும் என்பது அவன் கணக்கு. அங்கே அது சரி. மண் 25 டிகிரி சூட்டில் இருந்தால் தக்காளி விதை 6 நாளில் முளைத்துவிடும். 15 டிகிரிக்கு இறங்கினால் அதே விதைக்கு இரண்டு வாரம் பிடிக்கும். 10 டிகிரியில் ஆறு வாரம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் ராத்திரி மண் ஆறிவிடும். ஆறு வாரம் ஈர மண்ணில் கிடக்கும் விதை பத்திரமாக இருக்காது. பூஞ்சை பிடிக்கும், எறும்பு தூக்கும், பாதி அழுகும்.

எல்லா விதையும் இப்படிச் சூடு கேட்காது. கோஸ் விதை 20 டிகிரியில் 6 நாளிலும் 10 டிகிரியில் 15 நாளிலும் முளைக்கும். கேரட்டுக்கு 20 டிகிரியில் ஒரு வாரம், 10 டிகிரியில் இரண்டரை வாரம். பட்டாணி 5 டிகிரியில்கூட, ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாவது, முளைத்துவிடும். பீன்ஸ் 10 டிகிரியில் முளைக்கவே முளைக்காது, ஊறி உப்பி அழுகிப்போகும். எங்கள் ஊர்க்காரர்கள் கேரட், கோஸ், பீட்ரூட்டை இன்றைக்கும் இங்கிலீஷ் காய்கறி என்றுதான் சொல்வார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து, கோத்தகிரி கன்னேரிமுக்கில் பங்களா கட்டி, சீமைக் காய்களைப் போட்டுப் பார்த்த காலத்திலிருந்து வருகிற பேச்சு அது. குளிர் நாட்டுச் செடிகளுக்கு இந்த மலை பிடித்துப்போனது. தக்காளியும் குடைமிளகாயும் அப்படி இல்லை. அவற்றை இங்கே கொஞ்சம் தாங்கித்தான் வளர்க்க வேண்டும். விதையா நாற்றா என்பதில் பாதி முடிவு இதிலேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி வேரில் இருக்கிறது.

கேரட் முளைத்த பத்தாம் நாள் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மேலே புல்லைப் போல இரண்டே இலை, ஓர் அங்குலம்கூட இருக்காது. கீழே நூல் மாதிரி வெள்ளை வேர் ஒரு விரல் நீளத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நூல்தான் பின்னால் கிழங்காகப் பருக்கப்போவது. அதன் நுனி ஒடிந்தால் வேர் இரண்டாக, மூன்றாகப் பிரியும். தோண்டும்போது கால் முளைத்த கேரட்தான் வரும். யாராவது கேரட் நாற்று என்று கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். முள்ளங்கிக்கும் இதே பேச்சுதான். இவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை, விதை ஒன்றே வழி.

கேரட் விதை ஒரு கிராமில் எண்ணூறு வரைக்கும் இருக்கும். அதனால் புதியவர்கள் எல்லோரும் நெருக்கமாகக் கொட்டிவிடுகிறார்கள். ஒரு பங்கு விதைக்கு ஏழெட்டுப் பங்கு உலர்ந்த மணல் கலந்து, விரலால் கீறிய கோட்டில் தூவி, அரை அங்குலத்துக்கும் குறைவாக மண் போட்டால் போதும். அப்புறம் முக்கியமான ஒன்று: வரிசையின் மேல் நனைத்த சாக்கை விரித்துவிட வேண்டும். கேரட் விதை முளைக்கிற இரண்டு வாரமும் மேல்மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. சாக்கு இருந்தால் காலையில் ஒரு தடவை தண்ணீர் தெளித்தாலே தாங்கும். எட்டாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பச்சை தெரிந்த அன்றைக்கே, சாயங்கால வேளையில், எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் சாக்கு நூலுக்குள் நுழைந்து, எடுக்கும்போது கூடவே வந்துவிடும்.

பீட்ரூட் விதை, நாற்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் நாம் விதை என்று சொல்வது உண்மையில் இரண்டு மூன்று விதைகள் ஒட்டிய கொட்டை. ஒன்று போட்டால் மூன்று முளைக்கும். இரண்டைக் கலைக்காவிட்டால் எதுவும் பருக்காது. கலைத்ததைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மூன்று இலைப் பருவத்துக்குள் வேர் முறியாமல் எடுத்தால் வேறு இடத்தில் நடலாம், ஓரளவு பிழைக்கும். மிச்சத்தைக் கீரையாக வதக்கிவிடலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஊட்டி-1 பீட்ரூட் ரகம் நீலகிரிக் குளிரிலேயே பூத்து விதை பிடிக்கக்கூடியது. சொந்த விதை எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதைத் தேடி வாங்கலாம்.

பீன்ஸுக்கும் பட்டாணிக்கும் நாற்று வாங்குவது வீண் செலவு. விதை பெரிது, கையால் ஒவ்வொன்றாக ஊன்றலாம், முளைத்ததும் கண்ணுக்குத் தெரியும், அதன் வேரும் இடம் மாற்றுவதை விரும்பாது. ஒரே நிபந்தனை, பீன்ஸை மண் சூடேறிய பிறகு ஊன்ற வேண்டும். குன்னூரில் மார்ச் கடைசி, ஊட்டியில் ஏப்ரல் நடு. பட்டாணிக்கு அந்த நிபந்தனை இல்லை. எங்கள் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிற பாட்டி பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கை பட்டர் பீன்ஸ் விதை கொடுத்தார். "ஒரு வருஷங்கூட போடாம விட்டுடாதே கண்ணு" என்று சொல்லித்தான் கொடுத்தார். அன்றிலிருந்து அதற்கு நான் கடை ஏறியதில்லை. கொடியில் முதலில் காய்த்த நல்ல காய்களை அப்படியே காயவிட்டு, உரித்து, அடுப்புச் சாம்பலோடு கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடி வைக்கிறேன். இந்த மலையில் விதைக்கு எதிரி ஈரக்காற்று. ஜூன், ஜூலை மூடுபனியில் திறந்து கிடக்கும் விதை அடுத்த வருடம் பாதிகூட முளைக்காது.

இதே காரணத்தால் கடையில் கொக்கியில் தொங்குகிற விதைப் பொட்டலத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பொட்டலத்தின் பின்னால் முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சோதித்தார்கள், எதுவரை செல்லும் என்று அச்சடித்திருக்க வேண்டும். சோதனைத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் கணக்கு. சான்று விதையிலேயே கேரட்டுக்குக் குறைந்தபட்ச முளைப்பு 60 சதவீதம், கோஸுக்கு 70, பீன்ஸுக்கு 75 என்றுதான் வரையறை. நூற்றுக்கு நூறு முளைக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி, ஒரு டப்பாவில் போட்டு, அடுப்புப் பக்கத்தில் ஒரு வாரம் வையுங்கள். ஐந்துக்குக் கீழே முளைத்தால் அந்தப் பொட்டலத்தை நம்பிப் பாத்தி போடாதீர்கள். விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியது போல இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி. தொட்ட கையைக் கழுவுங்கள், மிச்சத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. கேரட் மூன்று, கோஸும் தக்காளியும் நான்கைந்து வருடம் வரும், உலர்ந்து இருந்தால்.

இனி கோஸ். காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் எல்லாம் இதில் சேர்த்திதான். நாற்று விட்டு நடுகிற காய்கள் இவை. வேரைக் கொஞ்சம் அசைத்தாலும் புது வேர் விட்டுத் தேறிக்கொள்ளும். நேரடியாகப் பாத்தியில் விதைத்தாலும் வரும். ஆனால் முதல் ஒன்றரை மாதம் அந்தச் சின்னச் செடி தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நிற்கும், அதற்குள் நத்தையும் வெட்டுப்புழுவும் தின்றுவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி வைத்திருக்கிறவனுக்கு அந்த ஒன்றரை மாத இடம் பெரிய சொத்து. அதில் ஒரு போகம் முள்ளங்கியே எடுத்துவிடலாம். அதனால் கோஸுக்கு நாற்றுத்தான், இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. யார் விட்ட நாற்று என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஏப்ரல் மழை பெய்த மறுநாள், சந்தைக்குப் போனபோது ஒருவர் கோஸ் நாற்றைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். வயல் நாற்றங்காலிலிருந்து அன்றைக்குக் காலையில்தான் பிடுங்கியது. கட்டுக்கு ஐம்பது, செய்தித்தாளில் சுற்றியிருந்தது, வேரில் செம்மண் ஒட்டிக்கொண்டிருந்தது. இலை அவ்வளவு தளதளவென்று இருந்தது. விலையும் மலிவு. ஒரு கட்டு வாங்கி வந்து அன்று சாயங்காலமே அரை சென்டில் நட்டேன்.

ஐந்து வாரம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் ஒரு நாள் மதியம் பார்த்தால் நாலு செடி துவண்டு கிடக்கின்றன. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டன. மறுநாள் மதியம் ஒன்பது செடி. திரும்பச் சாயங்காலம் நிமிர்ந்தன. இப்படியே ஒரு வாரம் ஏமாந்தேன். கடைசியில் ஒன்றைப் பிடுங்கினேன். கோஸ் வேர் தாடி மாதிரி இருக்க வேண்டும். இதில் தாடியே இல்லை. விரலி மஞ்சளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது போல வேர் முழுக்க வீங்கி, சில இடத்தில் அழுகி நாறியது. தோட்டக்கலைத் துறையில் இருக்கிற தெரிந்தவரிடம் காட்டினேன். பார்த்த உடனே கிளப் ரூட் என்றார், வேர் வீக்க நோய். புளிப்பான ஈர மண்ணும் குளிரும் இருந்தால் இந்த நோய் குதூகலமாகப் பரவும். நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்பு. நோயின் வித்துகள் மண்ணுக்குள் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வேரில் ஒட்டி வந்த ஒரு பிடி செம்மண் போதும்.

விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் வேர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அரை சென்டில் இன்று வரை கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, டர்னிப் எதையும் நான் போடுவதில்லை. அவ்வளவும் ஒரே குடும்பம், அவ்வளவுக்கும் அந்த நோய் வரும். மண்ணைச் சோதித்து, வருடா வருடம் டோலமைட் சுண்ணாம்புப் பொடி போட்டுப் புளிப்பைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். புளிப்புக் குறைந்தால் நோய் அடங்கும், ஒழியாது. கேரட், பீன்ஸ், பீட்ரூட்டுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அவற்றைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

நீலகிரிக்கு இது புதிய பாடமும் இல்லை. 1961-இல் ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். மண்ணோடும் கிழங்கோடும் நகர்கிற நுண்புழு அது. அதற்காக இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகவே கட்டுப்பாடு வந்தது. வீட்டில் முளைத்துவிட்டதே என்று சமையலறை உருளைக்கிழங்கைத் தோட்டத்தில் புதைக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். சின்ன மண்ணை வைத்திருக்கிற நமக்கு மாற்றி நட வேறு வயல் கிடையாது. அடுத்தவர் வயல் மண் நம் பாத்திக்குள் வரவே கூடாது.

அதனால் வயலில் பிடுங்கிய கட்டு நாற்று என் கணக்கில் கடைசி. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். குழித்தட்டு நாற்று அதைவிடப் பல மடங்கு மேல். தென்னை நார்க்கழிவில் வளர்ந்தது, வயல் மண் கலக்காதது, வேர் அறுபடாமல் கட்டியோடு வெளியே வரும், நட்ட மறுநாளே நிமிர்ந்துகொள்ளும். நாற்று ஓரிரு ரூபாய் கூடுதல் என்றால் கொடுத்துவிடலாம். ஆனால் எங்கே வளர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். சமவெளியில் நிழல்வலைக் கூடாரத்தில் வளர்ந்து லாரியில் ஏறி வந்த நாற்று நம் ராத்திரிக் குளிரில் ஒரு வாரம் திகைத்து நிற்கும். அப்படி என்றால் உடனே நடாமல், ஐந்தாறு நாள் திண்ணையில் வைத்து, பகலில் வெளியே ராத்திரி உள்ளே என்று பழக்கிவிட்டு நடுங்கள்.

வாங்கும்போது எல்லோரும் பெரிய நாற்றாகப் பார்த்து எடுக்கிறார்கள். அது தப்பு. நாலைந்து இலை, குட்டையான தடித்த தண்டு, அது போதும். தட்டில் அதிக நாள் கிடந்து முற்றிய காலிஃபிளவர் நாற்றை நட்டால் செடி வளரும் முன்னே பொத்தான் அளவுக்குப் பூ வைத்து அத்தோடு நின்றுவிடும். தட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்க்கக் கேளுங்கள். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாகி வளையம் வளையமாகச் சுற்றியிருந்தால் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் நடுவதானால் இன்னும் கவனம் வேண்டும். பென்சில் தடிமனுக்கு மேல் தண்டு பருத்த கோஸ் நாற்று நீண்ட குளிரில் மாட்டினால் உருண்டை கட்டாமல் பூத்தண்டு விட்டுவிடும். சின்ன நாற்று அந்தக் குளிரைக் கண்டுகொள்ளாது.

இவ்வளவுக்கும் மேலே நான் வைப்பது வீட்டில் விட்ட நாற்று. காரணம் மண் மட்டும் இல்லை, சாப்பாடும்தான். ஐம்பது நாற்றை ஒரே நாளில் நட்டால் ஐம்பது கோஸும் ஒரே பதினைந்து நாளில் முற்றும். நாலு பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஒரு கோஸ், மிஞ்சினால் இரண்டு. மீதியைத் தெரு முழுக்கக் கொடுத்தாலும் வெடிப்பு விட்டு அழுகுவதைத் தடுக்க முடியாது. விதை கையில் இருந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆறே ஆறு விதை போடலாம். ஒரு பொட்டலம் இரண்டு வருடத்துக்கு வரும்.

முட்டை அட்டையே போதும். நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து, குழிக்கு ஒரு விதை, கால் அங்குல ஆழம். முளைக்கும் வரை மேலே ஒரு கண்ணாடித் தாள் மூடி, சமையலறையில் வைக்கலாம், அங்கேதான் வீட்டிலேயே சூடு. முளைத்த அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஜன்னலோரம் விட்டுவைத்தால் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வெளுத்து வளைந்துவிடும், அது பின்னால் தேறாது. அதைவிடப் பெரிய ஆபத்து நாற்றழுகல். நேற்று நேராக நின்ற முளை இன்று மண்மட்டத்தில் நூலாக மெலிந்து சாய்ந்து கிடக்கும். ஒன்று சாய்ந்தால் இரண்டு நாளில் வரிசையே சாயும். மேலிருந்து தண்ணீர் ஊற்றாமல், அட்டையை ஒரு தட்டில் வைத்து அடியில் ஊற்றி, பத்து நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல்பக்கம் காய்ந்தே இருக்கட்டும். கலவையில் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை) கலந்துகொள்வது நல்லது. கோத்தகிரியில் எனக்கு 35 முதல் 40 நாளில் நாற்று தயாராகிறது.

நடும் சாயங்காலம் ஒரு வேலை இருக்கிறது. செய்தித்தாளை இரண்டு அங்குல அகலத்துக்குக் கிழித்து, தண்டைச் சுற்றித் தளர்வாக வளையம் போட்டு, பாதியை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். வெட்டுப்புழு ராத்திரி மண்மட்டத்தில் தண்டைக் கடித்து அறுக்கும், காலையில் செடி வெட்டிப் போட்டதுபோலக் கிடக்கும். இந்தக் காகித வளையம் இரண்டு வாரம் தாங்கினால் போதும், அதற்குள் தண்டு தடித்துவிடும். நத்தைக்கு வளையம் உதவாது. மழைக்காலத்தில் எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பொறுக்கினால்தான் உண்டு. சாம்பல் தூவுவது ஒரு மழை வரைக்கும்தான்.

தக்காளி, குடைமிளகாய், செலரி மூன்றுக்கும் கடை நாற்று வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. முதல் இரண்டுக்கும் முளைக்கச் சூடு வேண்டும், செலரி விதை தூசி மாதிரி இருக்கும், மூன்று வாரம் எடுக்கும். வீட்டுக்கு நாலு தக்காளி, இரண்டு செலரி போதும் என்னும்போது அதற்காக இரண்டு மாதம் மெனக்கெட வேண்டாம். தக்காளியைத் திறந்த பாத்தியில் நடாதீர்கள். ஜூன் சாரல் தொடங்கியதும் இலைக்கருகல் வந்து நாலு நாளில் கறுத்துவிடும். கூரை இறவாணத்துக்கு உள்ளே, மழை படாமல் வெயில் மட்டும் படுகிற சுவரோரம், பையில் வையுங்கள். மேரக்காய்க்கு (சௌசௌ) விதையும் இல்லை நாற்றும் இல்லை. முற்றிய காயை மூலையில் போட்டு வைத்தால் அதுவே வாய் திறந்து முளை நீட்டும், காயோடு அப்படியே சாய்த்துப் புதைத்துவிடலாம்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் விவசாயிகள் ஏப்ரல், மே கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பர் கடைபோகம், ஜனவரி, பிப்ரவரி நீர்போகம் என்று பிரித்துப் போடுவார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு முதல் இரண்டே போதும். ஊட்டி காந்தலில் இருக்கிற என் அத்தைக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி. நவம்பரிலேயே நீர்ப்பனி தொடங்கிவிடும். அந்த மாதங்களில் அவர் கோஸ், பட்டாணி தவிர எதையும் புதிதாக நடுவதில்லை. நட்டதன் மேல் சாயங்காலம் மிலார் செடித் தழையைப் பரப்பிவிடுவார், தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளுக்குச் செய்வது போல. விதை போட்ட பாத்திக்கு அந்தக் கவலை இல்லை, மண்ணுக்குள் கிடக்கிறது. நாற்று வாங்கி நட்டவர்தான் ராத்திரி எழுந்து பார்க்க வேண்டும்.

தம்பிக்கு இதில் இன்னொரு சிக்கல். காலையில் எட்டேகாலுக்கு வங்கிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு. முட்டை அட்டை நாற்றுக்குப் பகலில் ஒரு கண் வேண்டும். வெயில் ஏறினால் நிழலுக்குத் தள்ள வேண்டும், மழை வந்தால் உள்ளே எடுக்க வேண்டும். அவன் மனைவி ஜூனில்தான் வருகிறாள். அதனால் இந்தக் கார்போகத்துக்கு மட்டும் அவனுக்கு என் வரிசையை மாற்றிச் சொன்னேன். கோஸுக்குக் குழித்தட்டு நாற்று எட்டே எட்டு வாங்கட்டும், கட்டாக வாங்க வேண்டாம். கடைபோகத்துக்கு ஆகஸ்டில் அவர்களே நாற்று விடட்டும்.

மண்ணை நாலாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு பாத்தியில் கேரட்டும் முள்ளங்கியும், ஒரே நாளில் முழுப் பாத்தியும் போடாமல் மூன்று வாரத்துக்கு இரண்டு வரிசை. வேலியோரப் பாத்தியில் கொடி பீன்ஸ், அது நிழல் தட்டாத பக்கமாக. ஒன்றில் அந்த எட்டு கோஸ், ஒன்றரை அடி இடைவெளியில், நடுவில் கொத்தமல்லி தூவலாம். நாலாவதில் பீட்ரூட்டும் பாலக்கும். அடுத்த போகத்தில் கோஸ் இருந்த இடத்துக்குப் பீன்ஸ் போகட்டும், கோஸ் திரும்ப அதே பாத்திக்கு வர இரண்டு வருடமாவது ஆகட்டும். இறவாணத்தில் மூன்று பை தக்காளி. காட்டு மாடு வருகிற வழியா என்று முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் சொன்னேன். வருகிறது என்றால் வேலியைச் சரிபார்த்த பிறகுதான் விதையே வாங்க வேண்டும்.

"அப்போ கடைக்குப் போயி என்ன வாங்கணும், சுருக்கமா சொல்லு அக்கா" என்றான்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பாலக் விதை ஒவ்வொரு பொட்டலம், சின்னது. தேதி பார்த்து. குழித்தட்டு நாற்று கோஸ் எட்டு, தக்காளி மூன்று, உருவிப் பார்த்து. பழைய சாக்கு ஒன்று. பீன்ஸ் விதை வாங்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் பாட்டி வீட்டுப் பட்டர் பீன்ஸ் இருபது எண்ணிக் கொடுத்தனுப்புகிறேன். மண்வெட்டி என்னுடையதைக் கேட்டான். அதை மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அரை சென்டில் இறங்கிய மண்வெட்டி அது.